கழிவிரக்கமும் வரலாற்றின் தீர்ப்பும்

குற்றம் செய்த ஒருவன் பின்னொரு நாளில் மனம் நொந்து, "நான் செய்தது தவறு" என்று ஊரறியச் சொல்லிவிட்டால், நாம் அவனை வேறு கண்கொண்டு பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். இது மனித இயல்பு. தவறு செய்த பிள்ளை அழுதால், அடிக்க ஓங்கிய தாயின் கை தானாகவே தாழ்ந்துவிடுகிறது. ஊர்ப் பஞ்சாயத்தில் காலில் விழுந்தவனுக்கு அபராதத்தைக் குறைத்துவிடுகிறார்கள். நீதிமன்றங்களும் தண்டனையின் அளவை முடிவு செய்யும்போது குற்றவாளி வருந்தினானா என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதுண்டு. இந்த இயல்பு நல்லதே. இது அறவே இல்லாத சமுதாயத்தில் வாழ எவரும் விரும்பமாட்டார்கள்.

ஆனால் தாயும் பஞ்சாயத்தும் நீதிமன்றமும் செய்வதை வரலாறும் செய்யலாமா? குற்றவாளி வருந்தினான் என்பதற்காக, அவனைப் பற்றி வரலாறு கூறும் தீர்ப்பு மாற வேண்டுமா?

வரலாற்று மாணவனாகிய எனக்கு இக்கேள்வி, இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பிய வரலாற்றைப் படிக்கும்போது எழுந்தது. விடுதியில் நண்பர்களிடம் கேட்டேன். அவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தனர். "ஒப்புக்கொண்டவனையும் ஒப்புக்கொள்ளாதவனையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமா?" என்றது ஒரு கட்சி. "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்?" என்றது மற்றொரு கட்சி. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. எது எந்த அளவுக்கு உண்மை என்பதை மூன்று மனிதர்களின் வரலாற்றைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லில் உள்ள இரட்டைப் பொருள்

முதலில் சொல்லைப் பார்ப்போம். நடந்து கழிந்த ஒன்றுக்காக இரங்குவதைத் தமிழில் கழிவிரக்கம் என்கிறோம். இன்றைய எழுத்து வழக்கில் இதே சொல், ஒருவன் தன் நிலையை எண்ணித் தன்மீதே இரக்கம் கொள்வதையும் குறிக்கிறது. இப்படி ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் அமைந்தது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் நம் ஆராய்ச்சிக்கு இது பெரிதும் உதவுகிறது. ஒருவன் வருந்துகிறான் என்று கேள்விப்பட்டவுடன் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வியை இச்சொல்லே நமக்கு எடுத்துக் கொடுக்கிறது: அவன் யாருக்காக வருந்துகிறான்? தன்னால் அழிந்தவர்களுக்காகவா? அழிந்துபோன தன் நற்பெயருக்காகவா?

நியூரம்பர்க்கில் வருந்திய அமைச்சர்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் நாஜித் தலைவர்கள்மீது பன்னாட்டு இராணுவ நீதிமன்றம் வழக்கு நடத்தியது. 1945 நவம்பர் 20-இல் தொடங்கிய விசாரணை, 1946 அக்டோபர் 1-இல் தீர்ப்புடன் முடிந்தது. தீர்ப்புக் கூறப்பட்ட 22 பேரில் 12 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 7 பேர் சிறைத் தண்டனை பெற்றனர். 3 பேர் விடுதலையாயினர்.

அந்த 22 பேரில் தனித்து நின்றவர் ஆல்பர்ட் ஸ்பீர். 1905-இல் பிறந்த இவர் தொழிலால் கட்டடக் கலைஞர். ஹிட்லரின் நெருங்கிய வட்டத்தில் இடம்பெற்றவர். 1937-இல் பெர்லின் நகரையே புதிதாகக் கட்டியமைக்கும் பொறுப்பு இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1942 பிப்ரவரியில் ஃப்ரிட்ஸ் டாட் என்னும் அமைச்சர் விமான விபத்தில் இறக்கவே, அவரிடமிருந்த ஆயுத உற்பத்தித் துறைக்கு ஸ்பீர் அமைச்சரானார். அப்போது அவருக்கு வயது 36. அவருடைய நிர்வாகத்தில் ஆயுத உற்பத்தி வேகமாக உயர்ந்தது. அதற்கு வேண்டிய ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? ஜெர்மனி பிடித்த நாடுகளிலிருந்து வந்தார்கள். 1944-இல் 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட அயல்நாட்டுத் தொழிலாளரும் போர்க் கைதிகளும் ஜெர்மனியில் உழைத்துக்கொண்டிருந்தனர்.

இவர்களைப் பிடித்துக் கொண்டுவந்து சேர்க்கும் அதிகாரியாக இருந்தவர் ஃப்ரிட்ஸ் சௌக்கெல். 1944 மார்ச் 1-இல் நடந்த ஓர் அரசுக் கூட்டத்தில், ஜெர்மனிக்கு வந்த 50 இலட்சம் அயல்நாட்டுத் தொழிலாளரில் 2 இலட்சம் பேர்கூடத் தாமாக விரும்பி வரவில்லை என்று அவரே கூறியிருக்கிறார். அது கூட்டக் குறிப்பில் பதிவாகி, பின்னர் நியூரம்பர்க் தீர்ப்பிலும் இடம்பெற்றது. ஆட்களைப் பிடித்து அனுப்பியவர் சௌக்கெல். இத்தனை ஆட்கள் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்களில் முதன்மையானவர் ஸ்பீர். ஆனால் சௌக்கெல் தூக்கிலிடப்பட்டார். ஸ்பீர் பெற்றது 20 ஆண்டுச் சிறை.

இந்த வேறுபாடு எப்படி வந்தது? காரணங்கள் பல கூறலாம். போரின் இறுதியில், பின்வாங்கும்போது ஜெர்மனியின் தொழிற்சாலைகளையும் பாலங்களையும் தகர்த்துவிட வேண்டும் என்று ஹிட்லர் 1945 மார்ச்சில் ஆணையிட்டார். ஸ்பீர் அதை நிறைவேறவிடாமல் தடுக்க முயன்றார். இது உண்மை. நீதிமன்றமும் இதைத் தண்டனையைக் குறைக்கும் காரணமாகக் குறிப்பிட்டது. ஆனால் கூண்டில் அவர் நடந்துகொண்ட முறைக்கும் இதில் பங்கு இல்லை என்று சொல்ல முடியாது. மற்றவர்கள் "கட்டளைக்குக் கீழ்ப்படிந்தோம்" என்றும் "எங்களுக்குத் தெரியாது" என்றும் மன்றாடிக்கொண்டிருந்தபோது, ஸ்பீர் எழுந்து, ஆட்சித் தலைமையில் இருந்தவன் என்ற முறையில் நடந்தவற்றுக்குத் தமக்கும் பொறுப்பு உண்டு என்று ஏற்றுக்கொண்டார். படித்தவர்; பண்பாகப் பேசுபவர்; பொறுப்பை ஏற்பவர். உலகம் அவரை வியந்து நோக்கியது.

ஸ்பாண்டாவ் சிறையில் 20 ஆண்டுகளையும் முழுமையாகக் கழித்து 1966-இல் ஸ்பீர் வெளியே வந்தார். 1969-இல் தம் நினைவுக் குறிப்புகளை நூலாக வெளியிட்டார். அது பல மொழிகளிலும் விற்பனையாயிற்று. 1975-இல் சிறை நாட்குறிப்பு வெளிவந்தது. "நல்ல நாஜி" என்றே அவரைக் குறிப்பிடலாயினர். குற்றவாளிகளிடையே மனச்சான்று உள்ள ஒருவராவது இருந்தாரே என்று உலகம் ஆறுதல் கொண்டது.

எதை ஒப்புக்கொண்டார்?

இங்கே நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஸ்பீர் ஒப்புக்கொண்டது எதை? பொதுவான பொறுப்பை. அவர் மறுத்தது எதை? யூத மக்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்படுவது தமக்குத் தெரியும் என்பதை.

தம் நூலில் அவர் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். 1944-இல் நண்பர் ஒருவர் அவரிடம் வந்து, மேல் சைலீசியாவில் உள்ள ஒரு முகாமைப் பார்வையிட அழைத்தால் ஒருபோதும் போகாதே, அங்கே கண்டதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது என்று எச்சரித்தாராம். ஸ்பீர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லையாம். கேட்காமல் விட்டதே தம் பெரும் குற்றம் என்று அவர் மிகவும் உருக்கமாக எழுதுகிறார்.

படிப்பவர் உள்ளம் இளகிவிடும். ஆனால் நிதானமாக யோசித்தால் இதிலுள்ள நுட்பம் விளங்கும். "கேட்காமல் விட்டேன்" என்று ஒருவர் வருந்தும்போதே "எனக்குத் தெரியாது" என்பதும் உடன் நிலைநாட்டப்பட்டுவிடுகிறது. சிறிய குற்றத்தை அவர் உரத்த குரலில் ஒப்புக்கொள்ளும்போது, பெரிய குற்றத்தைப் பற்றிக் கேட்கவே நமக்குத் தோன்றுவதில்லை. இவ்வளவு நேர்மையாக அழுகிறவரிடம் இன்னும் என்ன கேட்பது என்று நாமே கூச்சப்பட்டு நின்றுவிடுகிறோம். பன்னிரண்டாண்டு ஆட்சியை ஆராய வந்த பலர் அப்படித்தான் நின்றுவிட்டனர்.

ஆவணங்களுக்கு அந்தக் கூச்சம் இல்லை. 1982-இல், அதாவது ஸ்பீர் மறைந்த மறு ஆண்டில், மத்தியாஸ் ஷ்மிட் என்னும் ஜெர்மன் ஆராய்ச்சியாளர் ஒரு நூலை வெளியிட்டார். ஸ்பீரின் அலுவலகத்தில் அன்றாட நிகழ்ச்சிகளைப் பதிந்து வந்த குறிப்பேடு ஒன்று உண்டு. அதன் படி ஒன்றை ஸ்பீரே ஆவணக் காப்பகத்துக்கு வழங்கியிருந்தார். அந்தப் படியில் சில பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன என்பதை ஷ்மிட் வெளிப்படுத்தினார். நீக்கப்பட்ட பகுதிகளில் இருந்தது என்ன? பெர்லினில் யூதக் குடும்பங்களை அவர்கள் வாழ்ந்த வீடுகளிலிருந்து வெளியேற்றிய வேலையில் ஸ்பீரின் அலுவலகம் கொண்ட பங்கு. அப்படி வெளியேற்றப்பட்ட பலர் பின்னர் கிழக்கே கொலைமுகாம்களுக்கு இரயிலேற்றப்பட்டனர்.

அத்துடன் முடியவில்லை. 1943 அக்டோபர் 6-இல் போசன் நகரில் (இன்று போலந்தின் போஸ்னான்) நாஜித் தலைவர்கள் கூட்டத்தில் ஹிம்லர் பேசினார். யூத ஆண்களை மட்டுமன்றிப் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வது பற்றி ஒளிவு மறைவின்றிச் சொன்ன பேச்சு அது. அதே நாளில் அதே கூட்டத்தில் ஸ்பீரும் உரையாற்றியிருக்கிறார். ஹிம்லர் பேசுவதற்கு முன்பே தாம் புறப்பட்டுவிட்டதாக அவர் தம் வாழ்நாளின் இறுதிவரை வாதாடினார். 2007-இல் ஒரு கடிதம் வெளிச்சத்துக்கு வந்தது. பெல்ஜியத்தில் நாஜிகளை எதிர்த்துப் போராடிய ஒருவரின் மனைவிக்கு ஸ்பீர் 1971 டிசம்பரில் எழுதியது. யூதர் அனைவரும் கொல்லப்படுவர் என்று ஹிம்லர் அறிவித்தபோது தாம் அங்கே இருந்ததாக அதில் அவரே எழுதியிருக்கிறார். ஊருக்குச் சொன்னது ஒன்று. தனிக் கடிதத்தில் எழுதியது மற்றொன்று.

ஆஷ்விட்ஸ் முகாமை விரிவாக்குவதற்கான கட்டுமானத் திட்டத்துக்கு 1942 செப்டம்பரில் அவருடைய ஒப்புதல் கிடைத்தது என்பதும் ஆவணங்களால் தெரியவந்துள்ளது.

அப்படியானால் ஸ்பீர் வருந்தியது முழுவதும் நடிப்புத்தானா? அப்படி அடித்துச் சொல்ல நான் துணியமாட்டேன். அவரோடு நெடுங்காலம் பேசிப் பழகிய கிட்டா செரெனி என்னும் எழுத்தாளர் 1995-இல் வெளியிட்ட பெரு நூலில், அவர் உள்ளூர உண்மையோடு போராடிக்கொண்டிருந்த மனிதராகவே காட்டப்படுகிறார். 1977-இல் அவரே ஓர் எழுத்து வாக்குமூலத்தில், யூதர்கள் துன்புறுத்தப்பட்டதற்கும் கொல்லப்பட்டதற்கும் தாம் இசைந்திருந்ததையே தம் முதன்மைக் குற்றமாகக் கருதுவதாகக் கூறினார். இச்சொல்லை 1946-இல் கூண்டில் நின்று சொல்லியிருந்தால் அவர் தலை தப்பியிருக்குமா என்பது ஐயமே. உயிருக்கு ஆபத்து இருந்தபோது பொதுவான சொல். ஆபத்து நீங்கிய பிறகு சற்றே குறிப்பான சொல். இதுதான் ஸ்பீரின் கழிவிரக்கம் நடந்து வந்த பாதை.

கொலைமுகாமின் தலைவர் எழுதியவை

இனி அதே ஆட்சியைச் சேர்ந்த மற்றொருவரைப் பார்ப்போம். ருடால்ஃப் ஹோஸ் என்பவர் 1940 முதல் 1943 வரை ஆஷ்விட்ஸ் முகாமின் தலைவராக இருந்தவர். ஹிட்லரின் துணைவராக இருந்த ருடால்ஃப் ஹெஸ் வேறு, இவர் வேறு. போருக்குப்பின் பண்ணைத் தொழிலாளி வேடத்தில் ஒளிந்திருந்த இவரை 1946 மார்ச்சில் பிரிட்டிஷ் படையினர் பிடித்தனர். அடுத்த மாதமே நியூரம்பர்க்கில் சாட்சியாக நிறுத்தப்பட்டார். அதுவும் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் தரப்புச் சாட்சியாக! அங்கே இவர் நச்சு வாயு அறைகளைப் பற்றி, ஏதோ ஆலையின் உற்பத்திமுறையை விளக்குபவரைப்போலச் சலனமின்றி எடுத்துரைத்தார். பின்னர் போலந்திடம் ஒப்படைக்கப்பட்டார். சிறையிலிருந்தபடியே நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதினார். 1947 ஏப்ரல் 2-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, ஏப்ரல் 16-இல் ஆஷ்விட்ஸ் முகாமிலேயே தூக்கிலிடப்பட்டார். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பு, மனித குலத்துக்கு எதிராகத் தாம் பெரும்பாவம் செய்ததாக எழுதிப் போலந்து மக்களிடம் மன்னிப்பு வேண்டினார்.

ஹோஸின் எழுத்தில் ஸ்பீரின் உருக்கம் இல்லை. தமக்கும் இதயம் உண்டு என்று தமக்காக இரங்கும் பகுதிகளே அதில் நம்மை முகம் சுளிக்கவைக்கின்றன. கட்டளையின்மேல் பழியைப் போடும் பகுதிகளும் உண்டு. ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. எந்தக் கட்டடத்தில், எந்த வாயுவைக் கொண்டு, எப்படிக் கொன்றார்கள் என்பதை ஹோஸ் குறிப்பாகச் சொன்னார். அவர் சொன்ன அனைத்தும் சரியாக இருந்தன என்று கூற முடியாது. இறந்தோர் தொகையாக நியூரம்பர்க்கில் அவர் சொன்னது மிகையானது. ஆஷ்விட்ஸில் இறந்தோர் ஏறத்தாழ 11 இலட்சம் பேர், அவர்களில் சுமார் 10 இலட்சம் பேர் யூதர்கள் என்பது பிற்கால ஆராய்ச்சியின் முடிவு. ஆனால் குறிப்பாகச் சொல்லப்பட்ட ஒன்றைத்தான் சரிபார்த்துத் திருத்த முடியும். பொதுவாகச் சொல்லப்பட்ட வருத்தத்தை எந்த ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது?

எனவே, நல்லவர் போலத் தோன்றியவரின் கண்ணீர் வரலாற்றை ஏறக்குறைய 40 ஆண்டுகள் வழிதவறச் செய்தது. கொடியவராகவே இறந்தவரின் சலனமற்ற வாக்குமூலம், கொலை நடக்கவே இல்லை என்று பின்னாளில் சாதிக்க வந்தவர்களின் வாயை அடைக்கும் சான்றுகளுள் ஒன்றாக நிலைத்தது. இதனால் ஹோஸ் நல்லவராகிவிடுவாரா? ஒருபோதும் ஆகமாட்டார். அவர் கொன்ற தொகையில் ஒன்றுகூடக் குறையாது. ஆனால் வருத்தம் வரலாற்றுக்குப் பயன்படுவது எப்போது என்பதை இந்த ஒப்பீடு நமக்குக் கற்பிக்கிறது. உணர்ச்சியின் அளவு அங்கே பெரிதன்று; அது தந்த உண்மையின் அளவே பெரிது.

கலிங்கத்தில் பொறிக்கப்படாத கல்வெட்டு

"பிடிபட்டவன் வருந்துவதை விட்டுவிடுவோம். யாராலும் பிடிக்கப்படாமல், வென்ற நிலையில் இருந்தே வருந்திய ஒருவர் இருக்கிறாரே!" என்று நீங்கள் கேட்கலாம். ஆம், அசோகரைத்தான் சொல்கிறீர்கள். அவரைக் குற்றவாளி என்று அழைக்க நமக்கு மனம் வருவதில்லை. ஆனால் கலிங்கப் போரில் என்ன நடந்தது என்பதை அவருடைய 13-ஆம் பாறைக் கல்வெட்டே கூறுகிறது: நாடு கடத்தப்பட்டோர் 1,50,000 பேர், களத்தில் கொல்லப்பட்டோர் 1,00,000 பேர், வேறு வகையில் மாண்டோர் அதைப் போலப் பல மடங்கு.

ஸ்பீரையும் ஹோஸையும் பார்த்துவிட்டு வந்து இக்கல்வெட்டைப் படித்தால், இதன் சிறப்பு நன்கு விளங்குகிறது. அசோகரைக் கேள்வி கேட்க எந்த நீதிமன்றமும் இல்லை. வென்ற மன்னர்கள் பகைவரின் பிணக்குவியலைத் தம் பெருமையாகப் பாடவைத்த உலகில், அவர் அதைத் தம் துயரமாகப் பொறிக்கச் செய்தார். பொதுப்படையாகச் சொல்லாமல் எண்ணிக்கையோடு சொன்னார். இலங்கையின் மகாவம்சம் அசோகர் பௌத்தரானதை விரிவாகக் கூறுகிறது. ஆனால் கலிங்கப் போரை அங்கே குறிப்பிடவில்லை. கலிங்கத்தில் மடிந்தவர்களை நாம் இன்று நினைக்கிறோம் என்றால், அதற்குக் காரணம் அவர்களை அழித்தவரே அதை எழுதிவைத்ததுதான். நம் சோழரையும் பாண்டியரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதும் இதே கல்வெட்டுத்தான். போரால் பெறும் வெற்றியை விட அறத்தால் பெறும் வெற்றியே மேல் என்று கூறி, அது எட்டிய நாடுகளின் வரிசையில் தென்னாட்டையும் அது சேர்க்கிறது.

ஆனால் வரலாற்று மாணவன் இத்துடன் நின்றுவிடக் கூடாது. இந்தக் கல்வெட்டு கிர்நாரில் இருக்கிறது, கால்சியில் இருக்கிறது, ஆந்திரத்தில் எர்ரகுடியில் இருக்கிறது, இன்றைய பாகிஸ்தானில் உள்ள ஷாபாஸ்கடியில் இருக்கிறது. கலிங்க மண்ணில், ஒடிசாவின் தௌலியிலும் ஜௌகடாவிலும் மட்டும் இல்லை! அங்கே பிற கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆனால் 13-ஆவது விடப்பட்டு, அதற்குப் பதிலாக வேறு இரண்டு ஆணைகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மக்களெல்லாம் தம் பிள்ளைகள் என்றும், எவரையும் காரணமின்றிச் சிறையிடக் கூடாது என்றும் அதிகாரிகளுக்கு அவற்றில் அறிவுறுத்துகிறார். நல்ல ஆணைகள்தாம். ஆயினும், உலகுக்கெல்லாம் சொன்ன வருத்தத்தை, யாருக்குச் சொல்ல வேண்டுமோ அந்த மக்களின் கண்ணில் படும்படி அவர் எழுதிவைக்கவில்லை. வென்ற நாட்டில் பழைய புண்ணைக் கிளற வேண்டாம் என்ற அரசியல் கருத்து காரணமாக இருக்கலாம் என்பர் அறிஞர்.

மேலும், கலிங்கம் மௌரியப் பேரரசிலேயே நீடித்தது. நாடு கடத்தப்பட்டோர் ஊர் திரும்ப அனுமதிக்கப்பட்டதாக எந்தக் கல்வெட்டும் கூறவில்லை. வருத்தத்தைக் கூறும் அதே 13-ஆம் கல்வெட்டு, காடுவாழ் மக்களைப் பார்த்து, வருந்தினாலும் தண்டிக்கும் வலிமை தமக்கு உண்டு என்று எச்சரிக்கவும் செய்கிறது.

இவற்றைச் சொல்வதால் அசோகரின் பெருமையைக் குறைப்பதாக எண்ண வேண்டாம். அவர் வருந்தினார் என்பது உண்மை. அதன்பின் பெரும் போரெதுவும் தொடுத்ததாகச் சான்று இல்லை என்பதும் உண்மை. அது அவர் கணக்கில் வரவாக எழுதப்பட வேண்டியதே. ஆனால் அந்த வரவு 1,50,000 பேரின் செலவுக் கணக்கை அடித்துவிடாது. இரண்டும் தனித்தனிப் பக்கங்கள்.

மன்னிக்கும் உரிமை யாருக்கு?

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். தாய் மன்னிக்கலாம், அவள் பிள்ளை அது. தீங்குக்கு ஆளானவன் மன்னிக்கலாம், பட்டது அவன். கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள், கடவுள் மன்னிப்பார் என்று நம்பலாம். நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். உயிரோடு இருக்கும் ஒருவனை இனி என்ன செய்வது என்று முடிவு செய்ய வேண்டிய பொறுப்பு அதற்கு உண்டு. இவர்களில் எவரும் அல்லாத வரலாற்று ஆசிரியனுக்கு மன்னிக்கும் உரிமையை யார் கொடுத்தார்கள்? அவன் பட்டவன் அல்லன். பட்டவர்களோ பேச இயலாதவர்கள். அவர்கள் சார்பில் மன்னிப்பை வாரி வழங்குவது, பிறர் சொத்தைத் தானம் செய்வது போன்றதாகும்.

"வரலாற்று ஆசிரியன் நீதிபதி அல்லனே, அவன் வேலை விளக்குவதுதானே?" என்று நம் பேராசிரியர்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் "கொலை" என்று எழுதுவதா, "உயிரிழப்பு" என்று எழுதுவதா என்று தேர்ந்தெடுக்கும்போதே தீர்ப்பு நுழைந்துவிடுகிறது. ஸ்பீரை "நல்ல நாஜி" என்று அழைத்தவர்கள் தாங்கள் தீர்ப்புக் கூறுவதாக நினைக்கவில்லை. விளக்குவதாகத்தான் நினைத்தார்கள்.

"வருந்துவதால் வரலாற்றில் எந்தப் பயனும் இல்லையென்றால், பிறகு எவன்தான் வருந்துவான்?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். வரலாற்றில் நல்ல இடம் பிடிப்பதற்காக வருந்துகிறவன் தன் பெயருக்காகத்தான் வருந்துகிறான் என்பதே என் விடை. உண்மையாக வருந்துகிறவன் இடம் கேட்கமாட்டான்; தன் வசம் உள்ள உண்மையை ஒப்படைப்பான். அப்படி ஒப்படைப்பவனுக்கு வரலாறு நன்றி சொல்லலாம். மன்னிப்பும் நன்றியும் ஒன்றல்ல.

ஆகவே, வருத்தத்தை வரலாறு ஒரு தீர்ப்பாகக் கொள்ளாமல் ஒரு சாட்சியாகக் கொள்ள வேண்டும் என்பது என் துணிபு. சாட்சியை என்ன செய்வோம்? குறுக்கு விசாரணை செய்வோம். நமக்குத் தெரியாத எதையேனும் இந்த வருத்தம் சொல்கிறதா? சொன்னதனால் சொன்னவர் எதையேனும் இழக்கத் துணிந்தாரா? சொல்ல வேண்டியவர்களை நோக்கிச் சொன்னாரா? இம்மூன்று கேள்விகளில் ஸ்பீர் மூன்றிலுமே தடுமாறுகிறார். ஹோஸ் முதற்கேள்விக்கு விடை தருகிறார். ஆனால் இழப்பதற்கு அவரிடம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. அசோகர் முதலிரண்டிலும் உயர்ந்து நிற்கிறார், மூன்றாவதில் மௌனமாகிவிடுகிறார்.

முடிவுரை

நம்மில் பலர் நாளை ஆசிரியர்களாகப் போகிறோம். பள்ளிப் பாடத்தில் "கலிங்கப் போருக்குப்பின் அசோகர் மனம் மாறினார்" என்று ஒரு வரி வரும். மதிப்பெண்ணுக்கு அந்த ஒரு வரி போதும். ஆனால் அந்த வரியை மட்டும் படித்துவிட்டுப் போகும் பிள்ளையின் நினைவில் மன்னர் மட்டுமே இருப்பார். மாண்டவர்கள் அவர் மனம் மாறுவதற்கு உதவிய கருவிகளாகச் சுருங்கிவிடுவார்கள். எனவே அதனருகில் இன்னும் ஒரு வரியைச் சேர்த்துக் கற்பிப்போம்: நாடு கடத்தப்பட்ட 1,50,000 பேர் வீடு திரும்பினரா என்பதை எந்தக் கல்லும் சொல்லவில்லை.